சொந்த இணையதளத்துக்கு என்ன பெயர் வைப்பது?

தனக்கென்று ஓர் இணையதளம் தொடங்க நினைப்பவர்களில் பலர் பெயரிலேயே மாதக்கணக்கில் தங்கிவிடுகிறார்கள். எழுத விஷயம் இருக்கும், போட்டுவைக்கப் படங்கள் இருக்கும், செலவழிக்க மனமும் இருக்கும்; பெயர் மட்டும் அமையாது. இதை வீண் தயக்கம் என்று நான் நினைக்கவில்லை. தளத்தின் தோற்றத்தை நாளைக்கே மாற்றிவிடலாம், எழுதியதைத் திருத்தலாம். பெயரை மாற்றினால், அதுவரை உங்களைத் தேடி வந்தவர்கள் குறித்துவைத்த முகவரிகள் எல்லாம் செல்லாமல் போய்விடும். நின்று யோசிக்க வேண்டிய இடம் இதுதான்.

பெயர் என்பது இங்கே என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். இணையத்தில் இருக்கும் ஒவ்வொரு சர்வருக்கும், அதாவது தளங்களை வைத்திருந்து கேட்பவருக்கு அனுப்பும் கணினிக்கும், ஓர் எண் முகவரி உண்டு. கணினிகளுக்கு அது போதும், நமக்குப் போதாது. கைபேசியில் நண்பரின் எண்ணைப் பெயரோடு சேமித்துவைக்கிறோம். அவர் எண்ணை மாற்றினாலும் நாம் தேடுவது அதே பெயரைத்தான். தளத்தின் முகவரியாக நாம் தட்டும் பெயரான டொமைன் பெயரும் அப்படித்தான். தொடக்க காலத்தில் இணையத்தில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயர்ப்பட்டியலும் கலிஃபோர்னியாவில் இருந்த ஓர் ஆய்வு நிறுவனத்தில் ஒரே கோப்பாகப் பராமரிக்கப்பட்டது. கணினிகள் பெருகியபோது அது கட்டுப்படியாகவில்லை. 1983ஆம் ஆண்டு பால் மோக்கபெட்ரிஸ் என்ற கணினி அறிஞர், இந்தப் பட்டியலை உலகம் முழுவதும் பிரித்து வைத்துக்கொள்ளும் ஒரு முறையை வகுத்தார். இன்று நாம் தட்டும் ஒவ்வொரு முகவரியும் அந்த முறையின் வழியாகத்தான் எண்ணாக மாறுகிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1985 மார்ச் 15 அன்று, சிம்பாலிக்ஸ் என்ற கணினி நிறுவனம் முதல் டாட் காம் பெயரைப் பதிவு செய்தது.

இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய சுதந்திரம் ஒளிந்திருக்கிறது. பெயர் வேறு, தளம் குடியிருக்கும் இடம் வேறு. இன்று ஒரு நிறுவனத்தின் சர்வரில் இருக்கும் தளத்தை நாளை வேறிடத்துக்குக் கொண்டுபோகலாம். பெயர் கூடவே வரும். ஆனால் இலவச வலைப்பதிவுச் சேவைகள் தரும் முகவரியில் உங்கள் பெயருக்குப் பின்னால் அந்தச் சேவையின் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சேவை நின்றால் முகவரியும் நின்றுவிடும். லட்சக்கணக்கான தனிநபர் பக்கங்களுக்கு இடம் கொடுத்த ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டபோது அதுதான் நடந்தது. எவ்வளவு சிறிய தளமாக இருந்தாலும் சொந்த டொமைன் வாங்குங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இது. டாட் காம், டாட் இன் போன்றவற்றுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் முதல் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆகும்.

பொருள் எங்கிருந்து வரும்?

பெயர் வைக்க உட்கார்ந்தவுடன் பெரிய சொற்கள்தான் முதலில் வரிசைகட்டி வரும். தேடல், பயணம், சிந்தனை, ஞானம், உலகம், சிகரம். இவை நல்ல சொற்கள்தான். ஆனால் யாருக்கும் பொருந்தும் சொற்கள். யாருக்கும் பொருந்துவது உங்களைச் சுட்டாது. ஏற்கெனவே நூறு பேர் எடுத்துக்கொண்டும் இருப்பார்கள்.

நம்மிடம் இதற்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான முன்மாதிரி ஒன்று இருக்கிறது. குறுந்தொகையின் 40ஆம் பாடலை எழுதியவரின் இயற்பெயர் நமக்குத் தெரியாது. செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர் போல நெஞ்சங்கள் கலந்தன என்று பாடியதால் அவர் செம்புலப்பெயனீரார் ஆனார். அடுத்த பாடலில், ஆளில்லாத வீட்டின் முற்றத்தில் அணில் விளையாடுவதைப் பாடியவர் அணிலாடு முன்றிலார். ஈரம் காய்வதற்குள் உழுது முடிக்க ஒரே ஓர் ஏரை வைத்துக்கொண்டு தவிக்கும் உழவனை உவமை சொன்னவர் ஓரேருழவனார். இவர்களுக்குப் பெயர் தந்தவர்கள் பெருமையைப் பார்த்துப் பெயரிடவில்லை. இந்த ஆள் மட்டும் கண்ட, இந்த ஆள் மட்டும் சொன்ன ஒரு சின்னக் காட்சியை எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் பாட்டே நினைவுக்கு வந்துவிடுகிறது.

தளத்துக்குப் பெயர் தேடுபவரும் இதைச் செய்யலாம். நீங்கள் ஏற்கெனவே எழுதியவற்றை எடுத்து வாசியுங்கள். டைரியாக இருக்கலாம், நண்பருக்கு எழுதிய நீண்ட மின்னஞ்சலாக இருக்கலாம். எந்தப் பொருள், எந்த இடம், எந்த வேலை திரும்பத் திரும்ப வருகிறது? தையல் கடை வைத்திருப்பவரின் எழுத்தில் காஜா வரும். வயலில் நிற்பவரின் எழுத்தில் மடை வரும். அச்சகத்தில் வளர்ந்தவருக்கு ஈய எழுத்து. அதிலிருந்து எடுத்த பெயருக்கு வேர் இருக்கும். 1999இல் தொடங்கிய திண்ணை என்ற இணைய இதழின் பெயரைப் பாருங்கள். வழிப்போக்கரும் வந்து உட்கார்ந்து பேசலாம் என்ற அழைப்பு அந்த ஒரு சொல்லிலேயே இருக்கிறது, விளக்கம் தேவைப்படவில்லை.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பெயர் உங்களுடைய இன்றைய ஆர்வத்துக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்ததாக இருக்கக் கூடாது. இன்று சமையல் குறிப்பு எழுதுபவர் ஐந்து ஆண்டுகளில் ஊர் வரலாறு எழுதப் போகலாம். 'சுவையான சமையல்' என்ற பெயரின் கீழே கல்வெட்டைப் பற்றி எழுதினால் வாசகருக்கும் குழப்பம், எழுதுபவருக்கும் கூச்சம். 'அம்மி' என்று வைத்திருந்தால் இரண்டும் அதற்குள் அடங்கும்.

ஆங்கில எழுத்தில் தமிழ்ச் சொல்

தமிழர்கள் தளத்துக்குப் பெயர் வைக்கும்போது மற்ற எதைவிடவும் அதிகமாக இடறுவது இங்கேதான். ஆங்கிலத்தில் எழுதும் பெயர் வழிகாட்டிகளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

டொமைன் பெயரில் வழக்கமாக அனுமதிக்கப்படுபவை ஆங்கிலத்தின் இருபத்தாறு எழுத்துகள், பத்து எண்கள், நடுவில் போடும் சிறுகோடு ஆகியவைதான். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு கிடையாது. புள்ளிக்கு முன்னால் உள்ள பகுதி 63 எழுத்துகள்வரை நீளலாம். இந்த இருபத்தாறுக்குள் தமிழின் ஒலிகளை அடைக்கும்போது ஆளுக்கு ஒரு வழக்கம் வந்துவிடுகிறது. ழகரத்துக்கு ஒருவர் இசட்-எச் போடுவார், இன்னொருவர் எல் போடுவார், யாழ்ப்பாணத்தவர் ஆர்-எல் போடுவார். தகரத்துக்குப் பின் எச் வேண்டுமா வேண்டாமா என்பதில் ஒரே வீட்டில் அண்ணனும் தங்கையும் வேறுபடுவார்கள். நெடிலுக்கு ஏ ஒன்றா இரண்டா என்பதற்கு விதியே இல்லை. தமிழ் என்ற சொல்லையே மூன்று விதமாக எழுதுகிறோம்.

ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்துவைக்கும் நூலகம் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2005 முதல் இயங்கிவரும் அரிய பணி அது. அதன் முகவரியில் ககரத்துக்கு எச் போட்டிருப்பார்கள். இலங்கைத் தமிழ் உச்சரிப்புக்கு அது மிகச் சரி. மதுரைக்காரர் அதைக் காதால் மட்டும் கேட்டால் ஜி என்றோ கே என்றோதான் தட்டுவார். நூலகத்தில் இருக்கும் செல்வத்தின் காரணமாக எல்லோரும் அந்த எழுத்துக்கூட்டலைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். ஒரு தனிமனிதரின் புதிய தளத்துக்காக யாரும் அந்தச் சிரமம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அதனால் என் அழுத்தமான பரிந்துரை இது: சொல்லின் அழகைப் பார்க்கும் அதே நேரத்தில், அதை ஆங்கில எழுத்தில் ஒரே விதமாகத்தான் எழுத முடியுமா என்றும் பாருங்கள். மணல், வயல், நிலம், பனை, இலை, கிணறு போன்ற சொற்களைக் கேட்டவுடன் ஏறக்குறைய எல்லோரும் ஒரே மாதிரி தட்டுவார்கள். மிளகு, முகில், படகு ஆகியவற்றில் கே-யா ஜி-யா என்ற தகராறு உண்டு. வானத்தை ஒற்றை ஏ போட்டு எழுதினால் வனம் ஆகிவிடும். அறமும் அரமும் ஒன்றாகிவிடும்.

இன்னொரு விபத்தும் நடக்கும். ஆங்கில எழுத்துக்குப் போனதும் சில சொற்கள் வேறு ஆளாக மாறிவிடும். விரல் என்று ஆசையாக வைத்தால், பார்ப்பவர் வைரல் என்று படிப்பார். அணில், வடநாட்டு ஆண்பெயரான அனில் ஆகிவிடும். பெண் என்பது எழுதுகோலாகும். மான் ஆங்கிலத்து மனிதனாகும். திரையில் எழுதிப் பார்க்காமல் மனத்துக்குள்ளேயே பெயர் வைத்தால் இது தெரியாது.

ஓர் எடுத்துக்காட்டை நடத்திப் பார்ப்போம். திருநெல்வேலிப் பக்கத்தில் ஓர் ஆசிரியை இருக்கிறார், விடுமுறை நாள்களில் பறவை பார்ப்பவர், பார்த்ததை எழுதிவைப்பவர் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு முதலில் கூந்தன்குளம் தோன்றும். கூழைக்கடாவும் கரண்டிவாயனும் கூடு கட்டும் ஊர் அது. ஆனால் அந்த ஊரின் பெயரை வழிகாட்டிப் பலகைகளிலும் வரைபடங்களிலும் கூந்தன்குளம், கூத்தன்குளம், குந்தன்குளம் என்று வாசிக்கும்படி பலவிதமாக எழுதியிருப்பார்கள். தவிர, ஊர் முழுவதற்கும் உரிய பெயரை ஒருவர் எடுத்துக்கொள்வதும் அவ்வளவு சரியில்லை. அது சரணாலயத்தின் அதிகாரபூர்வத் தளமோ என்று பார்ப்பவர் நினைப்பார். அடுத்து நாரை. ஒற்றை ஏ போட்டால் நரை. முக்குளிப்பான் மிக அழகான சொல், ஆனால் நீளம். கடைசியில் ஏ ஒன்றா இரண்டா என்ற கேள்வியும் உண்டு. உள்ளான் எப்படி? நீரோரச் சேற்றில் கூட்டமாக இரை தேடும் சிறு பறவை. குளிர்காலத்தில் வந்து போகும். கூர்ந்து நோக்குபவர்தான் அதன் வகைகளைப் பிரித்தறிய முடியும். இங்கும் ஏ ஒன்றா இரண்டா என்ற கேள்வி உண்டுதான், ஆனால் ஒற்றை ஏ போட்டால் ஆங்கிலத்தில் ஐந்தே எழுத்து. உல்லன் நூலை நினைப்பவர்கள் சிலர் இருக்கலாம், பரவாயில்லை. இவ்வளவு குறுகிய பெயர் டாட் காமில் பெரும்பாலும் யாரிடமாவது இருக்கும். அப்போது டாட் இன்னில் பார்க்கலாம், அல்லது 'கரை' என்று ஒரு சொல்லைச் சேர்க்கலாம். உள்ளான்கரை என்றால் பறவையும் வந்துவிட்டது, அவர் உட்கார்ந்து பார்க்கும் இடமும் வந்துவிட்டது. நாளை அவர் குளத்தைப் பற்றியோ மீன்பிடிப்பவர்களைப் பற்றியோ எழுதினாலும் பெயர் இடம் கொடுக்கும்.

பெயர் ஓரளவு உறுதியானதும், வேறு வேறு ஊர்களில் இருக்கும் நான்கைந்து பேரிடம் தொலைபேசியில் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டாம். கேட்டபடி ஆங்கிலத்தில் தட்டி அனுப்பச் சொல்லுங்கள். சென்னை, யாழ்ப்பாணம், கோலாலம்பூர் மூன்றிலிருந்தும் ஒரே எழுத்துகள் வந்தால் அந்தப் பெயரை விடாதீர்கள். இரண்டு விதமாக வந்தால், வசதி இருந்தால் இரண்டையும் வாங்கி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழி திருப்பிவிடலாம். நான்கு விதமாக வந்தால் வேறு பெயர் தேடுவதே நல்லது. சிறுகோடும் எண்ணும் வேண்டாம். வாயால் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கும்.

தமிழிலேயே பதிவு செய்யக் கூடாதா என்று கேட்பீர்கள். கூடும். டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் ஆகிய மூன்று முடிவுகள் தமிழ் எழுத்திலேயே இருக்கின்றன. முகவரி முழுவதையும் தமிழில் பார்ப்பதில் ஒரு நிறைவு உண்டு, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளுக்குள் அந்தப் பெயர் எக்ஸ், என், இரண்டு சிறுகோடு என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் மாற்றப்படுகிறது. முகவரியை நகலெடுத்து ஒருவருக்கு அனுப்பும்போது பல சமயம் அந்தக் குவியல்தான் போய்ச் சேரும். பார்ப்பவர் ஏதோ மோசடி இணைப்பு என்று நினைத்து அழித்துவிடுவார். அந்த முகவரியில் அமைத்த மின்னஞ்சலைப் பல இணையப் படிவங்கள் இன்னும் ஏற்பதில்லை. எழுத்திலும் சிக்கல் உண்டு. ஔவை என்பதை ஔகாரத்தால் தட்டலாம். ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து வைத்தும் தட்டலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வெவ்வேறு. எனவே ஆங்கில எழுத்துப் பெயரை முதன்மையாக வைத்துக்கொண்டு, தமிழ்ப் பெயரையும் பதிவு செய்து அதற்குத் திருப்பிவிடுவதுதான் இப்போதைக்கு நடைமுறைக்கு உகந்தது.

உங்கள் பெயரையே வைத்தால்?

நன்றாகவே இருக்கும். தொழில்முறையில் உங்களைத் தேடி வருபவர்களுக்கு அதைவிட எளிய முகவரி இல்லை. ஆர்வங்கள் மாறினாலும் பெயர் பழையதாகாது. நமக்கு இங்கே இடைஞ்சல் இனிஷியல்தான். டொமைனில் புள்ளியும் இடைவெளியும் வராது என்பதால் எஸ். உமா சுமா ஆகிவிடுவார், ஏ. மாலா அமலா ஆகிவிடுவார். இனிஷியலைப் பெயருக்குப் பின்னால் போடலாம், அல்லது தந்தை, தாய், ஊர் பெயர்களில் ஒன்றை முழுதாக எழுதலாம். திருமணத்துக்குப் பின் பெயரின் பின்பாதியை மாற்றிக்கொள்ளும் எண்ணம் உள்ள பெண்கள், மாறாத பாதியை மட்டும் வைத்துப் பதிவு செய்வது நல்லது.

சொந்தப் பெயர் என்பதாலேயே வழக்கு வராது என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் ஊசி நிசான் என்பவர் தன் குடும்பப் பெயரை டாட் காமில் 1994இல் பதிவு செய்தார். 1999இல் ஜப்பானிய கார் நிறுவனமான நிசான் அவர் மீது வழக்குத் தொடுத்தது. பல ஆண்டுகள் இழுத்தடித்த பிறகு பெயர் அவரிடமே நின்றது. ஆனால் வழக்குக்கு அவர் கொடுத்த விலை பெரிது. அதனால் பதிவுக்கு முன் அந்தப் பெயரில் வணிகச் சின்னம் ஏதும் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பிறர் நிறுவனத்தின் பெயரை உங்கள் பெயருக்குள் நுழைக்காதீர்கள்.

புள்ளிக்குப் பின்னால்

டாட் காம் கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம், பழக்கத்தினால் எல்லோரும் அதைத்தான் முதலில் தட்டுவார்கள். இந்தியாவில் இருப்பவருக்கு டாட் இன்னும் இலங்கையில் இருப்பவருக்கு டாட் எல்கேயும் அதே அளவுக்கு நல்லவை. இரண்டெழுத்து முடிவுகள் எல்லாமே ஏதோ ஒரு நாட்டுக்கோ ஆட்சிப்பகுதிக்கோ உரியவை என்பதை மட்டும் மறக்கக் கூடாது. டாட் டிவி துவாலு தீவுகளுடையது. டாட் ஏஐ அங்குவிலாவுடையது. நாடு மாறினால் விதியும் மாறும். யுகோஸ்லாவியாவின் டாட் ஒய்யூ 2010இல் நீக்கப்பட்டது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபின், 2021 முதல், பிரிட்டனில் வசித்தவர்கள் பலர் டாட் ஈயு பெயரை வைத்திருக்கும் தகுதியை இழந்தார்கள். புலம்பெயர்ந்து வாழும் தமிழர்கள் இதை யோசித்து எடுக்க வேண்டும். அடுத்த நாட்டுக்குக் குடிபெயர்ந்தாலும் நிற்கும் முடிவுதான் வேண்டும். இலவசமாகத் தருகிறார்கள் என்று வாங்கவே வேண்டாம். டோக்கெலாவ் தீவுகளின் டாட் டிகே நெடுங்காலம் இலவசமாகக் கிடைத்தது. 2023இல் அந்த வாசல் மூடப்பட்டது.

பதிவு செய்யும்போது

டொமைனை வாங்குகிறோம் என்று சொன்னாலும் உண்மையில் அது வாடகைதான். டாட் காமைப் பொறுத்தவரை ஒரே நேரத்தில் பத்து ஆண்டுகளுக்கு மேல் எடுக்க முடியாது. முதல் ஆண்டுக்கு நூறு இருநூறு ரூபாய் என்ற விளம்பரத்தைப் பார்த்தால், இரண்டாம் ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்று தேடிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பதிவுக்கு முன் அந்தப் பெயரை, தளங்களின் பழைய பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷின் என்ற தளத்தில் தட்டிப் பாருங்கள். முன்பு அது சூதாட்டத் தளமாகவோ மோசடித் தளமாகவோ இருந்திருந்தால், அந்தக் கெட்ட பெயர் உங்கள் தலையில் விழும். நீங்கள் அனுப்பும் மின்னஞ்சல்கள் குப்பைப் பெட்டிக்குப் போகும்.

தளத்தை வேறு யாராவது அமைத்துத் தந்தாலும் பதிவு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். இதில் மட்டும் தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள். வடிவமைப்பாளர் நல்லவராகவே இருப்பார். ஆனால் அவர் தொழிலை மாற்றிக்கொண்டு எங்கோ போய்விட்டால் உங்கள் பெயரும் அவரோடு போய்விடும். அந்த மின்னஞ்சலும் புதிய டொமைனிலேயே அமைத்ததாக இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் மின்னஞ்சலும் நின்றுவிடும், எச்சரிக்கைக் கடிதம் உங்களுக்கு வந்தே சேராது. டாட் காம் போன்றவற்றுக்கு, பதிவு செய்தபின் முகவரியை உறுதிப்படுத்தச் சொல்லி ஒரு மின்னஞ்சல் வரும். பதினைந்து நாள்களுக்குள் அதிலுள்ள இணைப்பை அழுத்தாவிட்டால் தளத்தை முடக்கிவிடலாம்.

தானாகப் புதுப்பிக்கும் வசதியை இயக்கிவையுங்கள். வங்கி அட்டை மாறும்போது அங்கேயும் மாற்றுங்கள். பெரும்பாலான பெயர்கள் கைநழுவிப் போவது இந்த ஒரு மறதியால்தான். டாட் காம் பெயர் காலாவதியானால், பதிவு நிறுவனம் வழக்கமாகச் சில வாரங்கள் அவகாசம் தரும். அதன்பின் முப்பது நாள் மீட்புக் காலம் உண்டு, ஆனால் அப்போது மீட்கும் கட்டணம் பலமடங்கு. அதையும் தவறவிட்டால் ஐந்து நாள் யாராலும் தொட முடியாத நிலையில் இருந்துவிட்டு, பெயர் பொதுச் சந்தைக்கு வந்துவிடும். அப்படி விழும் பெயர்களைப் பிடித்து விற்பதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. அவர்களிடமிருந்து திரும்ப வாங்க அவர்கள் கேட்கும் விலையைத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.